பாரமகாலின் குறுகிய பாதை
(பத்தாம் ஆண்டு விழா உரை)



ஒரு மாவட்டத்தின் தலைநகருக்கு இருப்புப்பாதை இல்லை. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கிருஷ்ணகிரியே அது. தேசிய நெடுஞ்சாலைகள் கூடும் ஊர். மாம்பழத்தால் பெயர் பெற்ற ஊர். ஆயினும் அங்குள்ளவர்கள் தொடர்வண்டி ஏற வேண்டுமானால் முதலில் பேருந்து ஏறித் தருமபுரிக்கோ ஓசூருக்கோ திருப்பத்தூருக்கோ போயாக வேண்டும். வராத ரயிலுக்காக ஏங்கும் ஊர்கள் நாட்டில் பல உண்டு. கிருஷ்ணகிரியின் நிலை வேறு. வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடி, பின்பு போய்விட்ட ரயில் அதனுடையது.

அந்த ரயில் ஏன் வந்தது என்பதை அறியத் தாது வருடத்துக்குப் போக வேண்டும். 1876இல் தொடங்கி 1878 வரை நீண்ட பெரும்பஞ்சத்தில் சேலம் மாவட்டம் பட்ட பாட்டுக்கு மக்கள்தொகைக் கணக்கே சான்று. 1871இல் பத்தொன்பது லட்சத்துக்கு மேல் இருந்த தொகை, 1881இல் பதினாறு லட்சத்துக்கு இறங்கியது. பத்தாண்டில் வளர வேண்டிய கணக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல் தேய்ந்தது. அப்போது இருப்புப்பாதையே இல்லாமலில்லை. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் செல்லும் அகலப்பாதை திருப்பத்தூரையும் மொரப்பூரையும் தொட்டுக்கொண்டு 1860களிலேயே ஓடிவிட்டது. ஆனால் அது பாரமகாலின் விளிம்பில் ஓடிற்று, உள்ளே வரவில்லை. நிலையத்தில் இறங்கும் தானியத்தை உள்ளூருக்குக் கொண்டுசெல்ல மாட்டுவண்டி வேண்டும். தீவனமும் தண்ணீரும் இன்றி மாடுகள் மனிதருக்கு முன்பே மாண்டன. பஞ்சம் என்பது தானியம் இல்லாமை மட்டுமன்று, தானியத்துக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள இருபது மைல் தொலைவுமாகும் என்பதை அரசு அப்போதுதான் கண்டது. 1880ஆம் ஆண்டுப் பஞ்ச ஆணையம் பாதுகாப்புக்கான இருப்புப்பாதைகளை வற்புறுத்தியதன் பின்புலம் இது. (பஞ்சத்தின் இறுதியில், 1878 டிசம்பரில், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் இராஜாஜி பிறந்தார் என்பதையும் இடையே நினைத்துக்கொள்ளலாம்.)

கண்டது உடனே நடந்துவிடவில்லை. திருப்பத்தூர் – கிருஷ்ணகிரிப் பாதை 1905இல்தான் திறக்கப்பட்டது. மொரப்பூர் – தருமபுரிப் பாதை 1906இல். பின்னது 1913இல் ஓசூர் வரை நீண்டது. மூன்றும் இரண்டரை அடி அகலமே உடைய குறுகிய பாதைகள். தண்டவாளம் இலேசானது, எஞ்சின் சிறியது, மேடுபள்ளமும் வளைவும் மிகுந்த நாட்டில் மண்வேலையைக் குறைத்துச் சிக்கனமாகப் போடத்தக்கது. இலாபம் வரும் என்று எண்ணிப் போடப்பட்ட பாதைகள் அல்ல இவை. பஞ்சம் வராத ஆண்டில் இவற்றுக்குப் பெரிய வேலை இல்லை. பஞ்சம் வந்தால் மட்டுமே தாம் பிறந்த பயனைக் காட்ட வேண்டியவை. இப்படிப்பட்ட பிறப்புக்கு ஆயுள் நீளாது என்பது அன்றே எழுதப்பட்டதுபோலும்.

சிக்கனம் என்று கண்டதிலேயே குறையும் இருந்தது. குறுகிய பாதையின் பெட்டி அகலப்பாதையில் ஏறாது. ஆகவே மொரப்பூரிலும் திருப்பத்தூரிலும் ஒவ்வொரு மூட்டையும் ஒரு வண்டியிலிருந்து இறங்கி, சுமையாளின் முதுகில் நடைமேடையைக் கடந்து, மறுவண்டியில் ஏற வேண்டும். புளியானாலும் எண்ணெய்வித்தானாலும் இந்தச் சுமைகூலி தப்பாது. வண்டியின் வேகமோ மிகக் குறைவு. 1920களிலும் 30களிலும் மோட்டார் பேருந்துகளும் லாரிகளும் சாலைக்கு வந்தபோது, சரக்கை வீட்டு வாசலில் ஏற்றிக் கடை வாசலில் இறக்கும் வசதிக்கு முன் இந்தச் சிறு ரயில் நிற்க முடியாமற் போனதில் வியப்பில்லை. உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. சாலைப் போட்டியைப் பற்றி ஆராய நடுவண் அரசு 1932இல் மிட்செல், கர்க்னெஸ் என்னும் இருவரை அமர்த்தும் அளவுக்கு நாடெங்கும் இதே நிலைதான். கிருஷ்ணகிரி வண்டி ஓய்ந்தது. மொரப்பூர் – ஓசூர் வண்டி 1941இல் நின்றது; உலகப்போருக்கு இரும்பு தேவைப்பட்ட காலம் அது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன.

இந்த இடத்தில் சற்று நின்று பிற ஊர்களையும் பார்க்க வேண்டும். அதே போர்க்காலத்தில் மதுரை – போடிநாயக்கனூர்ப் பாதையும், கேரளத்தில் சொரணூர் – நிலம்பூர்ப் பாதையும் பெயர்க்கப்பட்டன. 1950களில் இரண்டும் மீண்டும் போடப்பட்டன. பின்னாளில் இரண்டிலும் டீசல் எஞ்சின் இழுத்த பயணிகள் வண்டிகள் வயலையும் தோப்பையும் ஊடறுத்து ஓடின. போடிப் பாதை அகலமாக்குவதற்காக 2010இன் இறுதியில் மூடப்பட்டபோதுகூட, திரும்பி வரும் என்ற உறுதியோடு மூடப்பட்டது. 2023இல் வண்டி போடிக்குத் திரும்பியும் வந்தது. எல்லைக்கு அப்பால், கருநாடகத்தின் பங்காருப்பேட்டை – கோலார்க் குறுகிய பாதை 1990கள் வரை உயிரோடிருந்து அகலப்பாதையாகி, பேருந்துபோன்ற டீசல் ரயில்பஸ் ஒன்றையும் கண்டது. பாரமகாலின் தண்டவாளத்திலோ டீசல் வண்டி ஒருநாளும் ஓடவில்லை. நீராவிக் காலத்திலேயே அதன் கதை முடிந்துவிட்டது. ஏலக்காய்க்கும் தேக்குக்கும் திரும்பக் கிடைத்த இருப்புப்பாதை கேழ்வரகுக்குக் கிடைக்கவில்லை என்று ஒருவர் கசப்போடு சொன்னால் மறுப்பது எளிதன்று.

1960களின் பிற்பகுதியில் சேலம் – பெங்களூரு மீட்டர் பாதை வந்து தருமபுரியும் ஓசூரும் மீண்டன. 1990களில் அது அகலப்பாதையும் ஆயிற்று. கிருஷ்ணகிரி அந்த வழியில் இல்லை. இதற்கிடையே ஓசூரில் சிப்காட் எழுந்தது. 1980இல் அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலையும் டி.வி.எஸ். 50 மொபெட்டும் அவ்வூரிலிருந்து புறப்பட்டன. அந்தப் பத்தாண்டிலேயே டைட்டன் கடிகாரமும் வந்தது. சாலை வாகனத்துக்குத் தோற்ற ரயிலின் கடைசி நிலையம், சாலை வாகனம் செய்யும் ஊராக மாறியதை வரலாற்றின் நகைச்சுவை என்பதா, நியாயம் என்பதா? கவிஞர்கள் தீர்மானிக்கட்டும்.

மொரப்பூர் – தருமபுரிக்கு 36 கிலோமீட்டர் நீளத்தில் புதிய அகலப்பாதை 2016-17 நிதிநிலை அறிக்கையில் இடம்பெற்று, 2019இல் அடிக்கல்லும் நாட்டப்பட்டது. ஆனால் பழைய தடம் கிடந்த நிலத்தில் வீடுகளும் தெருக்களும் எழுந்துவிட்டன. ஒருமுறை பெயர்த்த தடத்தை மறுமுறை போடுவதற்கு நிலத்தையே மறுபடி கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

இலக்கிய வட்டத்தின் மேடையில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. தாது வருடப் பஞ்சத்தைத் தமிழ்ப் புலவர்கள் பாடாமல் விடவில்லை. சிவகங்கைச் சீமையில் வில்லியப்பப் பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ பிறந்தது. கும்மிகளும் சிந்துகளும் அச்சேறின. பஞ்சத்துக்குக் கும்மி கிடைத்தது. பஞ்சத்தைத் தடுக்க வந்த வண்டிக்குக் கிடைத்த பாட்டு எது? வயலில் நின்று அதைப் பார்த்தவர்கள் ஏதும் பாடாமலா இருந்திருப்பார்கள்? மூட்டை மாற்றிய சுமையாட்களின் வாயில் ஒரு வரியாவது இருந்திராதா?

1941இல் பத்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். ஆவணக் காப்பகத்தில் கால அட்டவணை இருக்கலாம். கட்டணப் பட்டியல் இருக்கலாம். அந்த வண்டியை வீட்டுத் திண்ணையில் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பது எந்தக் காப்பகத்திலும் இராது. அது சில கிழவர்கள், சில கிழவிகளின் நாவில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும். அதைக் கேட்டு எழுதிவைக்கும் பணி வட்டத்தின் பதினோராம் ஆண்டிலேயே தொடங்கப்பட வேண்டும். பன்னிரண்டாம் ஆண்டுக்கு ஒத்திவைக்கத்தக்கதன்று. பாலக்கோட்டில் கேள்வியைத் தமிழில் கேட்டால் போதும். ஓசூர்ப் பக்கம் போகிறவர்கள் தெலுங்கும் கன்னடமும் அறிந்த நண்பர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நலம்.