ஸ்டெம் செல் ஊசிக்குப் பணம் கட்டும் முன்
(புதுக்கோட்டையில் பொதுமக்களிடம் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



போன மாசம் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தாங்க. பல வருஷமா முடக்குவாதம். போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "டாக்டர், ஸ்டெம் செல் ஊசி போட்டா மாத்திரையே வேண்டாமாம். நகையை அடகு வைக்கலாம்னு இருக்கோம். போடலாமா?"ன்னு கேட்டாங்க. நாளைக்கு உங்க வீட்டிலும் இந்தக் கேள்வி வரலாம்.

கிருமியை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்களில் நம்ம உடம்பையே தாக்குது. எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடியிலிருந்து எடுக்கும் ஒரு வகை ஸ்டெம் செல்லுக்கு இந்த அழற்சியைத் தணிக்கும் குணம் உண்டு. ஆனா ரத்தத்தில் செலுத்தும் செல்கள் பெரும்பாலும் நுரையீரலில் சிக்கி, சில நாளில் அழிஞ்சிடுது. ஒருவர் கொடுத்த செல் போல இன்னொருவருடையது வேலை செய்யறதில்லை. இன்டர்பெரான் காமா என்ற புரதத்தில் வைத்து, செல்களை வலுப்படுத்திச் செலுத்தவும் முயற்சி நடக்குது. இதெல்லாம் இன்னும் ஆராய்ச்சிதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் தேசிய வழிகாட்டுதல் வெளியிட்டன. ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை மட்டுமே, குறிப்பிட்ட நோய்களுக்கு, வழக்கமான சிகிச்சை. வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் செய்வது அதுதான். மற்றவை அனுமதி பெற்ற கிளினிக்கல் டிரையலாகத்தான் நடக்கணும். 2022-ல் ஒரு செல் மருந்துக்கு அனுமதி கிடைச்சது உண்மை. அது முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு. தேய்மானம் வேற, முடக்குவாதம் வேற.

சரி, உங்க போனில் என்ன செய்யலாம்?

ஒன்று: "சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன?"ன்னு கேளுங்க. இது இந்திய கிளினிக்கல் டிரையல் பதிவேடு. அதன் இணையதளத்தில் யாரும் இலவசமா தேடலாம். தளம் ஆங்கிலத்தில் இருக்கும். படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டு வச்சுக்குங்க.

இரண்டு: உங்க நோயின் பெயர், அந்த மருத்துவமனையின் பெயர், நெறிமுறைக் குழு ஒப்புதல் மூன்றும் அதில் இருக்கான்னு பாருங்க. பதிவு இருந்தாலே பலன் உறுதின்னு அர்த்தமில்லை.

மூன்று: டிரையலில் சேருபவரிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கிப் படிங்க.

நான்கு: மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. நிறுத்தினா மூட்டு கோணிப்போகும். அப்புறம் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

அந்த அம்மா என் எதிரிலேயே போன் போட்டுப் பதிவு எண்ணைக் கேட்டாங்க. "முதல்ல முன்பணம் கட்டுங்க, அப்புறம் பேசலாம்"ன்னு பதில் வந்துச்சு. அவங்களே போனை வச்சுட்டாங்க. நகை இன்னும் வீட்டில்தான் இருக்கு, மாத்திரையும் தொடருது.

சந்தேகம் வந்தா 104-க்குக் கூப்பிடுங்க, இல்லைன்னா நம்ம அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வாங்க. பணம் கட்டினதுக்கு அப்புறம் இல்லை, முன்னாடியே வாங்க.