ஆயாவுக்கு எப்போது ஆஃப்?

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னை வேலைப்பளு பற்றிப் பேசச் சொன்னார். நான் வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலையில் நான் பராமரிப்புப் பொறியாளன். மூன்று ஷிப்ட். வீடு திருவொற்றியூர். மனைவிக்குப் பாரிமுனையில் வேலை. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு, கண்டெய்னர் லாரி வரிசையில் பஸ்ஸோடு நிற்கிற தொல்லை அவருக்கு விட்டது. நைட் முடித்து நான் படுத்தால், சத்தம் கேட்காமல் பிள்ளைகளை மாடிக்குக் கூட்டிப் போவது அவர்களுடைய ஆயா, அதாவது என் அம்மா.

நான் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே அம்மா சொல்லிவிடுவார்: "இன்னிக்கு மெஷின் நின்னுபோச்சா? குளிச்சிட்டு வா, அப்புறம் பிள்ளைங்ககிட்ட போகலாம்." எங்கள் ஆலையில் இவ்வளவு சீக்கிரம் யாரும் ஃபால்ட் கண்டுபிடிப்பதில்லை!

"கூட்டுக் குடும்பம், உனக்கென்னப்பா கவலை" என்பார்கள். என் கவலை குறைந்தது வாஸ்தவம். அது அம்மாவின் முழங்காலுக்குப் போய்ச் சேர்ந்தது.

சட்டத்தைப் பாருங்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1976இல் அது 30 ஆனது. ஆண்களே நிறைந்த கனரக ஆலைகளில் அந்த எண்ணிக்கை எங்கே சேரும்? 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோதுதான், ஆண் பெண் பாராமல் 50 ஊழியர் என்று வந்தது. அப்போதும் தினம் நாலு தடவை பிள்ளையைப் போய்ப் பார்க்கும் உரிமை தாய்க்கு மட்டுமே எழுதப்பட்டது. அப்பன்காரனுக்கும் பிள்ளை உண்டு என்பது கணக்கிலேயே வரவில்லை. எங்கள் தெருவில் காப்பகம் என்றால் ஆயாக்களின் மடிதான்.

போன வருஷம் அம்மா கேட்டார்: "உனக்கு வாரம் ஒரு நாள் ஆஃப். எனக்கு எப்போடா?"

இப்போது என் ஆஃப் நாளில் அம்மாவுக்கும் ஆஃப். சமையலும் பிள்ளைகளும் என் பொறுப்பு. அப்பா காய் நறுக்குவார். அம்மா வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, அவசரமில்லாமல் திரும்புவார்.

மணலியிலும் எண்ணூரிலும் மேலாளர் நாற்காலியில் இருக்கும் நம் சீனியர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஷிப்ட் பட்டியலை ஒரு மாதம் முன்னதாக ஒட்டுங்கள். காப்பகம் கட்டினால் அப்பாக்களையும் உள்ளே விடுங்கள்.