காற்றாடிமலைப் பாதை

நாவிதன்வெளியின் வயல்களிடையே சொறிக்கல்முனைத் திருச்சிலுவை ஆலயம் அமைந்திருக்கின்றது. அங்கே செல்லும் அடியாருக்கு மலையேறும் சிரமம் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை நெல்வயலும் நீர்நிலையுமே. ஆனால், கடலுக்கு அப்பால், தமிழகத்தின் தென்கோடியில், கல்லும் முள்ளும் மிதித்து அடைய வேண்டிய திருத்தலம் ஒன்று உண்டு. அதன் வரலாறு இலங்கையோடும் ஒருவகையில் தொடர்புடையது.

நாகர்கோவிலிலிருந்து வடகிழக்கே செல்லும் வழி ஆரல்வாய்மொழிக் கணவாயை அடைகின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இறுதி முகடுகளிடையே காற்று ஓயாது பாய்ந்து வரும் இடம் அது. அக்காற்றினாலேயே அங்குள்ள குன்றொன்று காற்றாடிமலை எனப் பெயர் பெற்றது. இன்று அதனைத் தேவசகாயம் மலை என்றும் வழங்குவர். அடிவாரத்தில் வியாகுல மாதா ஆலயம் நிற்கின்றது. அதற்கு மேலே, பாறைகளிடையே, 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் ஒரு மனிதர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் 1712இல் நட்டாலத்திற் பிறந்த நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் அரண்மனையிற் பணிபுரிந்தவர். 1741இல் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட ஒல்லாந்தப் படை குளச்சலில் அம்மன்னரிடம் தோல்வியுற்றது. சிறைப்பட்டோருள் ஒருவரான டிலனாய் பின்னர் அம்மன்னரின் படைத்தலைவராகவே உயர்ந்தார். உதயகிரிக் கோட்டைப் பணியின்போது அவரோடு நீலகண்டன் நட்புக்கொண்டார். செல்வத்தை இழந்து மனமுடைந்திருந்த நீலகண்டனுக்கு, விவிலியத்திலே எல்லாவற்றையும் இழந்தும் நம்பிக்கை இழவாத யோபுவின் கதையை டிலனாய் எடுத்துரைத்தார் என்பர். 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

புதிய சமயம் அவருடைய பந்தியையும் மாற்றியது. குலம் பாராது எவரோடும் அமர்ந்து உண்டார். அக்காலத்தில் இது சிறு செயலன்று. 1749இல் அவர் கைது செய்யப்பட்டார். எருமைமீது ஏற்றப்பட்டு ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டார். அரச துரோகமே அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம். தண்டனைக்குக் காரணம் மதமாற்றமன்று என வாதிடும் வரலாற்றாசிரியரும் உளர். ஆயினும், மூன்றாண்டுத் துன்பத்தினிடையேயும் அவர் ஏற்ற நெறியைக் கைவிடவில்லை என்பதே மக்கள் மனத்தில் நிலைத்தது.

இறுதி இரவிலே, விலங்கிட்ட கால்களால் நடக்க மாட்டாத அவரைச் சேவகர் கழியிலே கட்டி இம்மலைக்குத் தூக்கி வந்தனர் என்பது மரபு. அவர் வீழ்ந்தபோது அருகிருந்த பாறையொன்று மணிபோல் ஒலித்ததாம். மணியடிச்சான் பாறை என்று அழைக்கப்படும் அதனை இன்றும் யாத்திரிகர் சிறு கல்லால் தட்டுகின்றனர். கணீரென்ற ஓசை எழுகின்றது. காட்டிலே கிடந்த உடலின் எச்சங்களைச் சில நாள்களின் பின் மக்கள் எடுத்துச் சென்று, கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர்.

அவர் நண்பர் டிலனாய் 1777இல் காலமானார். உதயகிரிக் கோட்டையிலுள்ள அவர் கல்லறையில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. வென்று அடக்கும் எண்ணத்தோடு வந்தவருக்கு அம்மண்ணே இறுதி இல்லமாயிற்று.

2012இல் தேவசகாயத்துக்கு முத்திப்பேறு பட்டமும், 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் உரோமையிலே புனிதர் பட்டமும் வழங்கப்பட்டன. இந்தியப் பொதுநிலையினருள் அப்பேறு பெற்ற முதல்வர் அவரே. அதற்கு முன்னர் ஒரு விண்ணப்பம் எழுந்தது. அவர் பெயரோடு நெடுங்காலம் ஒட்டியிருந்த ‘பிள்ளை’ என்னும் குலப்பெயர் நீக்கப்பட வேண்டும் என்பதே அது. எல்லாரோடும் ஒரே பந்தியில் உண்டவருக்கு அவ்வடை எதற்கு என்று கேட்டனர். வத்திக்கான் அதனை ஏற்றது.

பந்தியிலே அவர் துறந்த வேற்றுமையைப் பெயரிலிருந்து களைய இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. காற்றாடிமலையின் பாதை கரடுமுரடானதுதான். ஆயினும் ஓரிரு நாழிகையில் ஏறிவிடலாம். மனிதர் மனத்திலுள்ள மேடுபள்ளத்தைக் கடப்பதே நெடிய பயணம்.