மூக்குக்கு எட்டாத வாயு

ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கைகளுக்குச் சொந்தக்காரர்களே!

இந்தியாவின் எந்த மூலையில் கேஸ் டேங்கர் ஓடினாலும் அதன் சக்கரத்தில் நம் நாமக்கல் மண் ஒட்டியிருக்கும். தட்டுங்கள், இது உங்களுக்கான கைதட்டல்!

2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் என்று 2023லேயே டெல்லி திட்டம் போட்டுவிட்டது. நல்லது. புகையில்லாத எரிபொருளுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அதை ரோட்டில் ஓட்டப்போகிறவனுக்கு என்ன கொடுத்தீர்கள்?

லாரி டயருக்கு 120 பவுண்டு காற்று அடிக்கிறோம். அது வெடித்தாலே ஆளைத் தூக்கி அடிக்கிறது. ஹைட்ரஜன் உருளையில் ஏறக்குறைய 3,000 பவுண்டு! அவ்வளவு அழுத்தியும் ஒரு வண்டிக்கு 300, 400 கிலோதான் ஏறும். நம் கேஸ் டேங்கரில் 18 டன். அப்படியென்றால் எத்தனை வண்டி, எத்தனை நடை, எத்தனை தூக்கமில்லாத ராத்திரி!

ஓர் அண்ணன். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். மங்களூரில் லோடு ஏற்றி வந்தவர், விடியற்காலையில் வண்டியை ஓரங்கட்டி டீ வாங்குகிறார். குப்பென்று கேஸ் நாற்றம். வால்வில் கசிவு! கிளாஸை வைத்தார், குடத்துத் தண்ணீரை அப்படியே டீக்கடை அடுப்பில் கொட்டினார். தலைத்துண்டை அவிழ்த்து வீசிக்கொண்டு நடுரோட்டில் நின்று பஸ்ஸை மறித்தார். தீயணைப்பு வண்டி வரும்வரை நகரவில்லை. 40, 50 உயிர்!

அன்றைக்குக் காப்பாற்றியது அவர் மூக்கு. சமையல் வாயுவில் நாற்றம் கலந்து அனுப்புகிறார்கள். ஹைட்ரஜனில் கலப்பதில்லை. நிறமில்லை, வாசமில்லை. பட்டப்பகலில் எரிந்தாலும் தீ கண்ணுக்குத் தெரியாது. அந்தக் காலத்து ஆலைகளில் விளக்குமாற்றை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பார்களாம். குச்சி பற்றினால் அங்கே தீ. சிரிக்காதீர்கள் தம்பி, அதுதான் அவர்களுக்கு உயிர்க்கவசம்! காற்றில் நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே பற்றும். நைலான் சட்டையைக் கழற்றும்போது படபடக்குமே, அந்தப் பொறி போதும்.

"லேசான வாயு, மேலே போய்விடும், பயமில்லை" என்று வேறு மேடைகளில் பேசுகிறார்கள். வெட்டவெளியில் போகும், ஒப்புக்கொள்கிறேன். பாலத்தடியில்? தகரக் கூரைக்கு அடியில்? 1983 மார்ச்சில் ஸ்டாக்ஹோம் தெருவில் சிலிண்டர் இறக்கும்போது கசிந்தது 13, 14 கிலோ. வெடித்ததில் 16 பேருக்குக் காயம். 90 மீட்டர் வரை ஜன்னல்கள் நொறுங்கின!

விபத்து நடந்தால் இதே ஆட்கள் "டிரைவர் தூங்கிட்டான்" என்று ஒரே வரியில் முடிப்பார்கள். தூங்க விட்டீர்களா ஐயா அவனை? ஊருக்குள் நிறுத்தாதே என்கிறீர்கள். ஊருக்கு வெளியே நிறுத்த இடம் காட்டினீர்களா? ஒரு கக்கூஸ் காட்டினீர்களா? குளிக்க ஒரு குழாய்?

அந்த அண்ணனின் மகன் மூன்று நாள் வகுப்பு முடித்து, ஆபத்தான சரக்கு ஓட்ட லைசென்ஸ் எடுத்துவிட்டான். போன வாரம் வந்து கேட்டான்: "சித்தப்பா, அப்பாவுக்கு வாசம் வந்துச்சு. எனக்கு எப்படித் தெரியும்?"

கசிந்தால் கத்துகிற கையடக்கக் கருவி இருக்கிறது. அதை அவன் சட்டையில் மாட்டாமல் வண்டிச் சாவியைக் கொடுக்காதே! இதைக் கேட்கும் மனு அதோ அந்த மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்தை அந்தப் பையன் போட்டுவிட்டான். பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம், வாருங்கள்.