சாலைக்குக் கோடு போடுமுன் லயத்தை எண்ணுங்கள்!

(கிளைப் பொதுக்கூட்டத்தில் தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

"டோல் சாலை கட்டுவது இஞ்சினியர் வேலை. பால்மரம் வெட்டும் நமக்கு அதில் என்ன பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். பேச்சு உண்டு தோழர்களே! சாலை ஆகாயத்தில் போவதில்லை. தோட்டத்தைக் கிழித்துக்கொண்டுதான் போகிறது. ஆகவே, அந்த வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை நாம் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். தெரியாதவனுக்குக் கடைசியில்தான் தகவல் வரும்.

நம் நாட்டு வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையையே எடுத்துக்கொள்வோம். புக்கிட் காயு ஹீத்தாம் முதல் ஜோகூர் பாரு வரை 772 கிலோமீட்டர். 1980இல் மலேசிய நெடுஞ்சாலை வாரியம் அமைந்தது. ஒரு பகுதியை அரசாங்கமே கட்டியது. 1988இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி எஞ்சிய வேலை தனியார் கைக்குப் போனது. 1994 செப்டம்பர் 8ஆம் தேதி பிரதமர் மகாதீர் முழுச் சாலையையும் திறந்து வைத்தார்.

இப்படிப்பட்ட வேலைக்குப் பல படிகள் உண்டு. முதலில் வாகனங்களை எண்ணுகிறார்கள். பிறகு வழி குறிக்கிறார்கள். மண்ணைத் துளைத்துப் பார்க்கிறார்கள். அதன்பின் நிலம் எடுப்பு, பணம் திரட்டல், வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குத்தகைக்கு விடுதல். அப்புறம்தான் மண்வேலை. மழைக்குமுன் வடிகால் போடாவிட்டால் வெட்டிய மேடு சரிந்து பள்ளத்தில் விழும். கல், தார், பாலம், டோல் சாவடி, பரிசோதனை, திறப்பு விழா என்று வரிசையாக வரும். திறந்ததோடு முடிவதும் இல்லை. 2003 நவம்பரில் புக்கிட் லஞ்சானில் பாறை சரிந்து, கிள்ளான் பள்ளத்தாக்குப் புதிய விரைவுச்சாலை மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்ததை மறந்துவிட முடியுமா?

இது நமக்குப் புதிதல்ல. மறுநடவு செய்கிறோம். கன்று வைத்து ஆறேழு ஆண்டு செலவு, பிறகுதான் பால். டோல் சாலையும் அப்படித்தான். முதலில் கடன், பிறகு வசூல். அந்த இடைக்காலத்தில் முதல் போட்டவன் முழுகிப் போகாதிருக்க ஒப்பந்தத்திலேயே வழி செய்தார்கள். எதிர்பார்த்த அளவு வாகனம் ஓடாவிட்டால் அரசாங்கம் கைகொடுக்கும் என்ற ஏற்பாடும் இருந்தது. 2020இல் கட்டணத்தை 18 விழுக்காடு குறைத்தபோது, வசூல் காலத்தை 2058 வரை நீட்டினார்கள். முதலுக்கு ஆபத்து வரலாம் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்தவர்கள், தொழிலாளியின் கூரைக்கு ஆபத்து வரும் என்று எண்ணினார்களா? அதுவே நம் கேள்வி!

சில ஆண்டுகளுக்கு முன் நாம் வேலை பார்த்த ஒரு தோட்டத்தின் வழியே புதுச்சாலை ஒன்றுக்குக் கோடு போட்டார்கள். அளவுக்காரர்கள் சிவப்புத் துணி கட்டிய முளைகளை அடித்துப் போனார்கள். ஆபீசுக்குக் கடிதம் வந்தது. எத்தனை ஏக்கர், எத்தனை மரம், நட்ட ஆண்டு எது, விளைச்சல் எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். நாமே உட்கார்ந்து கணக்கெடுத்துக் கொடுத்தோம். ஒரு மரம் விடவில்லை. லயத்தைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. நாமும் எழுதவில்லை! பத்தொன்பது குடும்பங்களின் பெயர் அடங்கிய செக்ரோல் நம் மேசை மேலேயே இருந்தது. கேட்டதற்குப் பதில் எழுதினோம். கேட்காததை எழுதத் துணியவில்லை. குற்றம் நம்முடையதும்தான்.

நோட்டீசு வந்த அன்று ஒரு பாட்டி ஆபீசு வாசலில் நின்றார். "கிராணி ஐயா, மரத்தையெல்லாம் ஒண்ணுவிடாம எண்ணுனீங்களே, எங்கள எண்ணுனீங்களா?" என்றார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நம்மிடம் பதில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1960ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம் நிலத்தில் உரிமை உள்ளவருக்கு இழப்பீடு கொடுக்கிறது. லயத்து வீடு நம் பெயரில் இல்லை. வேலையோடு ஒட்டிய வீடு. வேலை போனால் வீடும் போகும். 1980ஆம் ஆண்டு பணிநீக்கப் பலன் விதிகளின்படி, ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்தவருக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டாண்டு முதல் ஐந்தாண்டுக்குள் பதினைந்து நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் இருபது நாள். முப்பதாண்டு உழைத்தவருக்கு அறுநூறு நாள் சம்பளம் வரும். அதை வைத்து வீடு வாங்க முடியுமா? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சாலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் பிள்ளைகளும் அதே சாலையில்தான் வேலைக்குப் போகிறார்கள். நாம் கேட்பவை மூன்று.

ஒன்று: வழி குறிக்கும் நாளிலேயே லயம், கோயில், பள்ளிக்கூடம், இடுகாடு அனைத்தையும் வரைபடத்தில் காட்ட வேண்டும். கோடு காகிதத்தில் இருக்கும்போது நகர்த்துவது எளிது. தார் ஊற்றிய பிறகு நகராது.

இரண்டு: மாற்று வீட்டுச் சாவி கொடுக்கும் நாளை வேலை அட்டவணையில் மண்வேலைக்கு முன்னால் எழுத வேண்டும். வடிகாலுக்கு முன்னிடம் கொடுப்பவர்கள் குடும்பத்துக்கும் கொடுக்கட்டும்.

மூன்று: இந்தச் செலவைத் திட்டச் செலவிலேயே சேர்க்க வேண்டும். கடைசியில் கருணைத்தொகை என்று நீட்டக்கூடாது.

தோழர்களே! வேலையில் சேர்ந்த தேதியைக் காட்டும் தாளையும் சம்பளச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். பலன் தொகை ஆண்டுக் கணக்கில்தான் வருகிறது. தோட்டத்தில் சிவப்புத் துணி முளையைக் கண்டால், அன்றைக்கே கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

கிராணிமார்களே! செக்ரோல் நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை மரத்தை எண்ணச் சொல்லிக் கடிதம் வந்தால், மனிதரையும் எண்ணி எழுதுவோம். கேட்டாலும் எழுதுவோம், கேட்காவிட்டாலும் எழுதுவோம்!