பழக்கம் என்னும் பாறை

(ஜூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜூபிலி என்றதும் கொடியும் தேரும் விருந்தும் நம் நினைவுக்கு வருகின்றன. பழைய ஏற்பாட்டு மக்களுக்கோ ஐம்பதாம் ஆண்டு விடுதலையின் ஆண்டு. அடிமையாய் விற்கப்பட்டவன் தன் வீடு திரும்பினான். கைவிட்டுப் போன நிலம் உரியவனிடம் வந்து சேர்ந்தது. நம்மை யாரும் சந்தையில் விற்கவில்லை. ஆனால் நம்மில் பலர் ஏதோ ஒரு பழக்கத்திற்கு நம்மையே விற்றிருக்கிறோம்.

அவற்றுள் நம் பகுதியை அதிகம் அழ வைத்த பழக்கம் குடி. 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், நம் செங்கற்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர்ப் பக்கத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. விஷச் சாராயம் ஒரே இரவில் கொல்கிறது. மற்றக் குடி மெல்லக் கொல்கிறது. வித்தியாசம் அவ்வளவே.

“இன்றோடு விட்டேன்” என்று கிறிஸ்துமஸ் இரவில் சத்தியம் செய்தவர்களை நாம் அறிவோம். பொங்கலுக்குள் அது முறிந்துவிடுகிறது. ஏன்? பாறையை ஒரே அடியில் பிளக்கப் பார்க்கிறோம். மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாமல் நிற்கும் குகைகளைக் கவனித்துப் பாருங்கள். பல்லவர் காலத்துச் சிற்பிகள் பாறை முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு வெட்டி, சிறு சிறு கட்டங்களாக்கி, ஒவ்வொரு கட்டமாகத் தட்டி எடுத்த தடம் இன்றும் தெரிகிறது. மலையைக் குடைந்தது பெரிய அடி அல்ல, சிறிய கட்டம்.

அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் மாட் டால்பட் என்றொரு கூலித் தொழிலாளி இருந்தார். 1856-இல் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் தொடங்கிய குடி அவரை முழுதும் விழுங்கியது. 1884-இல் ஒருநாள் கையில் காசில்லை. குடிக்க அழைப்பார்கள் என்று கடைமுனையில் காத்து நின்றார். நண்பர்கள் கண்டும் காணாமல் போனார்கள். மனம் நொந்து வீடு திரும்பியவர், ஒரு குருவிடம் போய் உறுதிமொழி எடுத்தார். எத்தனை காலத்திற்கு? மூன்றே மாதத்திற்கு! பிறகு ஆறு மாதம். அதன்பின் ஆயுள் முழுவதும். 1925-இல் திருப்பலிக்குப் போகும் வழியில் வீதியில் விழுந்து இறந்தார். 1975-இல் திருச்சபை அவரை வணக்கத்திற்குரியவர் என அறிவித்தது.

அவர் செய்ததில் இரண்டு காரியங்கள் நமக்கும் இயலும். சட்டைப் பையில் காசு வைத்துக்கொள்ளாமல் நடந்தார். வேலை முடிந்து கடைக்குப் போகும் அந்த மாலை நேரத்தில் கோவிலுக்குள் போய் அமர்ந்தார். பேய் போன வீடு பெருக்கி வெறுமையாய்க் கிடந்தால் ஏழு பேயோடு திரும்பி வரும் என்று ஆண்டவர் எச்சரித்தாரே! கெட்ட பழக்கம் விட்டுப்போன நேரத்தில் நல்ல பழக்கம் ஒன்றைக் குடியேற்ற வேண்டும். செபமாலையோ, பிள்ளைகளின் பாடமோ, வலை பின்னலோ எதுவானாலும் சரி; அதே நேரத்தில், நாள்தோறும் நடக்கட்டும்.

நாள்தோறும் என்பதை நம் கடற்கரைப் பெரியவர்கள் அறிவார்கள். கட்டுமரக் காலத்தில் கரை சேர்ந்ததும் கட்டைகளைப் பிரித்து மணலில் காயப் போடுவார்கள். காயப் போடாத கட்டை நீர் குடித்துக் கனத்துப் போகும். மனமும் அப்படியே. இரவில் ஆத்தும சோதனை செய்து காயப் போடாவிட்டால் கனத்துவிடும்.

ஒன்றை மறக்கலாகாது. நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை வரலாம். உயிருக்கே ஆபத்து உண்டு. அவரை மருத்துவரிடம் அழைத்துப் போவதே அன்பு. குடி ஒரு நோயும்கூட. வலிப்பு வந்தவரை யாரும் ஏசுவதில்லை. இவரையும் ஏச வேண்டாம்.

இறுதியாக, நம் குற்றத்தையும் சொல்லிவிடுவோம். கலியாண வீட்டிலும் சாவு வீட்டிலும் ஊற்றிக் கொடுப்பவர்கள் நாம்தாம். “இன்றைக்கு ஒருநாள்தானே!” என்று கையைப் பிடித்து இழுப்பவர்களும் நாம்தாம். இந்த விழா நாளில் நம் தெருவில் ஒருவர் தம் முதல் கட்டத்தைத் தட்டிக் கொண்டிருக்கலாம். அவர் உளியை நாம் பிடுங்கலாமா?

ஆகவே இந்த ஜூபிலியைச் சொட்டு மதுவின்றிக் கொண்டாடுவோம். விட விரும்புகிறவர் மூன்று மாதத்திற்கு உறுதி எடுக்கட்டும். அவர் தவறினால் மறுபடி எழுந்து தொடங்கும்வரை நாம் அவர் கூடவே நிற்போம். தேவ அன்னை நமக்காகப் பரிந்து பேசுவாராக!