பெட்ரோல் நெடி வந்த வழி



காற்றில் மணம் பரவும் விதத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் விளக்கியவன் நான். அறையின் மூலையில் ஓர் ஊதுபத்தியை ஏற்றி வைத்துவிட்டு, மணம் எட்டியவர்கள் கையைத் தூக்க வேண்டும் என்பேன். அருகில் இருப்பவர் கை முதலில் எழும். கடைசி வரிசைக் கைகள் இறுதியில் எழும். வெளியிலிருந்து வருபவர்கூட, கைகள் எழும் வரிசையைப் பார்த்தே ஊதுபத்தி இருக்கும் இடத்தைச் சொல்லிவிடலாம். இதையெல்லாம் சொல்லிக் கொடுத்த நான், என் சொந்தக் காரில் எழுந்த பெட்ரோல் நெடியின் இருப்பிடத்தை அறிய இரண்டு மாதம் திண்டாடினேன்.

அந்தக் கார் 1989-ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. கார்புரேட்டர் வைத்த பழைய வகை. வீட்டின் பக்கத்தில் தகரக் கொட்டகையில் நிற்கும். 2024-ஆம் ஆண்டு ஆயுத பூசையன்று அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை சாத்தி, சக்கரங்களின் கீழே எலுமிச்சம்பழங்களும் வைத்தாயிற்று. மறுநாள் வெளியூர்ப் பயணம் இருந்தமையால், முந்தின நாளே பெட்ரோலை வாய்வரை நிரப்பியிருந்தேன். தட்டில் கற்பூரத்தை வைத்துத் தீக்குச்சியை எடுத்தேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி அப்போதுதான் ஊரிலிருந்து வந்து கொட்டகைக்குள் நுழைந்தாள். “தாத்தா, கொளுத்தாதீர்கள்! ஒரே பெட்ரோல் நாற்றம்!” என்று கத்தினாள்.

எனக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை. அதுதான் வியப்பு. காலையிலிருந்து அங்கேயே துடைத்துக்கொண்டிருந்த என் மூக்கு அந்த நெடிக்குப் பழகி மரத்துப் போயிருந்தது. வேப்பமரத்தடியில் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். நெடி முகத்தில் அடித்தது.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே எழுந்து போய்விடாமல் தரையோடு படிந்து நிற்கும். காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கு கலந்திருந்தாலே தீப்பிடிக்கப் போதும். சுழிக்குக் கீழே 40 டிகிரி சென்டிகிரேடு குளிரிலும் பெட்ரோல் அத்தகைய ஆவியைக் கொடுக்கும் என்றால், தகரக் கூரையின் கீழ் நம் ஊர் வெயிலில் கேட்க வேண்டுமா? நானோ கற்பூரத் தட்டைத் தரையில் வைத்துக் குனிந்திருந்தேன். பேத்தி கால்மணி நேரம் தாமதித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைக்க விரும்பவில்லை.

எங்கள் ஊர் மெக்கானிக் என்னிடம் படித்தவர். காரைப் பார்க்க வந்ததும், “நெடி எப்போது வருகிறது, ஐயா?” என்று கேட்டார். “எப்போதும்தான் வருகிறது” என்றேன். அந்த விடையை வைத்துக்கொண்டு அவர் கார்புரேட்டரைப் பிரித்தார். அது நியாயமான ஐயமே. எஞ்சினை நிறுத்திய பின், அதன் சூட்டில் கார்புரேட்டர்க் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் ஆவியாகிச் சிறிது நேரம் நெடி வீசுவது பழைய கார்களுக்கு இயல்பு. பேக்கிங்கை மாற்றினார். நெடி நின்றது. பத்து நாள் கழித்து மீண்டும் வந்தது. பெட்ரோல் பம்பின் இணைப்புகளை முடுக்கினார். நின்றது, மறுபடியும் வந்தது. மூன்றாம் முறை நான் அவர் பட்டறைக்கே சென்று, பலர் முன்னிலையில் கடிந்து பேசிவிட்டேன். அவர் தலைகுனிந்து, “எப்போது வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், ஐயா” என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். நாள், நேரம், டேங்கில் பெட்ரோலின் அளவு, வண்டி ஓடியதா நின்றதா, நெடி முன்னேயா பின்னேயா என்று குறித்து வந்தேன். ஒவ்வொரு முறையும் திறந்த வெளியில் சற்று நின்று மூக்கைத் தெளிய வைத்துக்கொண்டே அருகில் போவேன். மூன்று வாரத்தில் ஏடு பேசிற்று. பெட்ரோல் நிரப்பிய அன்றும் மறுநாளும் நெடி. அதுவும் பின்பக்கம் டிக்கியருகே. அளவு முக்காலுக்குக் குறைந்தால் நெடியே இல்லை. என் “எப்போதும்” என்ற சொல் முழுப் பொய்! பழுது பார்த்ததால் நெடி நிற்கவில்லை; பெட்ரோல் குறைந்ததால் நின்றது.

குற்றத்தில் எனக்கு இன்னும் ஒரு பங்கு உண்டு. பெட்ரோல் போடும் இடத்தில் குழாய் தானே நின்ற பிறகும், தொகை முழு எண்ணாக வரட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லுவேன். நாற்பது லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடேறினால் அரை லிட்டருக்கு மேல் விரியும். விரிய இடமில்லாத டேங்கில் அது நிரப்பு குழாயின் கழுத்துக்குள் ஏறி நிற்கும்.

நோட்டைப் பார்த்ததும் மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது. எஞ்சினைக் கிளப்பாமல் வண்டியைக் கையால் வெளியே தள்ளினோம். பாட்டரி இணைப்பைக் கழற்றினார். டார்ச்சை அவர் எட்டத்திலேயே ஏற்றிக்கொண்டு வந்ததைக் கவனித்தேன்; பொத்தானை அமுக்கும்போது எழும் சிறு பொறிகூட வேண்டாம் என்பது அவர் எண்ணம். டிக்கியின் விரிப்பை எடுத்தால் கழுத்தையும் டேங்கையும் இணைக்கும் ரப்பர் ஹோஸ் தெரிந்தது. பார்வைக்கு நன்றாகவே இருந்தது. கசியும் பெட்ரோல் உடனே உலர்ந்துவிடுவதால் ஈரமும் இல்லை. அப்போது எனக்கு என் பழைய ஆயுதம் நினைவுக்கு வந்தது. சுண்ணக்கட்டியைப் பொடியாக்கி ஹோஸைச் சுற்றித் தூவினோம். வண்டியைச் சற்று அசைத்தோம். கிளிப்பின் அடியில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், வெண்பொடியின் மீது மெல்லிய ஈரக்கோடு ஒன்று படர்ந்தது.

கழற்றிப் பார்த்தால் ரப்பர் கட்டையாக இறுகி, குறுக்கே வெடித்திருந்தது. நம் நாட்டில் பெட்ரோலுடன் எத்தனால் கலக்கிறார்கள். 2022-இல் நூற்றுக்கு 10 பங்கை எட்டிய கலவை 2025-இல் 20 பங்காயிற்று. பழைய ரப்பர் வகைகள் சிலவற்றுக்கு எத்தனால் ஒவ்வாது. ஆயினும் பழியை அதன்மேல் மட்டும் போட மாட்டேன். முப்பத்தைந்து ஆண்டு உழைத்த ரப்பர் வெடிப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கடைக்காரர் ரேடியேட்டர் ஹோஸில் ஒரு துண்டை வெட்டித் தர முன்வந்தார். அது தண்ணீருக்கு உரியது. பெட்ரோலில் ஊறி உப்பிவிடும் என்று மெக்கானிக் மறுத்துவிட்டு, இரண்டு நாள் காத்திருந்து பெட்ரோலுக்கு உரியதையே வாங்கி மாட்டினார். புதுக் கிளிப்பும் சேர்ந்து சில நூறு ரூபாய்தான் ஆயிற்று.

அவர் பட்டறையில் அன்று யார் யார் முன்னிலையில் கடிந்தேனோ, அவர்களில் இருவரேனும் இருந்த நேரம் பார்த்துப் போய், தவறு என்னுடையது என்று சொல்லி வந்தேன். அவர், “காபி சாப்பிடுங்கள், ஐயா” என்றார்.

2025-ஆம் ஆண்டு ஆயுத பூசைக்குக் காரைத் தெருவில் நிறுத்தினோம். நான் தீப்பெட்டியை எடுக்குமுன் பேத்தி வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். டிக்கியருகே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்காமல், தலையை மட்டும் அசைத்தாள்.